ஏ.ஆர். கண்ணாடிக்குள் ஒளி எங்கே போகிறது?

உச்சி வெயிலில் தெருவில் நடக்கிறவரின் கண்முன்னே எழுத்துகள் பளிச்சென்று மிதப்பதாக ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது நிஜக் காட்சியின் மேலேயே படம் காட்டும்) கண்ணாடி விளம்பரங்கள் காட்டும். நிஜத்தில் அந்த வெயில்தான் இந்தக் கண்ணாடிக்குப் பெரிய சோதனை. இது ஊடுருவிப் பார்க்கக்கூடிய கண்ணாடி. வெளியிலிருந்து வருகிற ஒளியோடு தன் பங்குக்குக் கொஞ்சம் ஒளியைக் கூட்டத்தான் இதனால் முடியும், கழிக்க முடியாது. அதனால் கறுப்பு நிறத்தை இது காட்டவே முடியாது.

எண்களில் பார்த்தால் சட்டென்று புரியும். திரையின் பொலிவை நிட் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல விளக்கு வெளிச்சமுள்ள அலுவலகத்தில் வெள்ளைச் சுவரின் பொலிவு ஏறக்குறைய 125 நிட். நேர் வெயில் படும் வெள்ளைச் சுவர் 25,000 நிட்டைத் தாண்டும். நம் கண்ணாடி 1,000 நிட்டில் ஓர் எழுத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகச் சுவருக்கு முன்னால், எழுத்து உள்ள இடம் 1,125, இல்லாத இடம் 125. ஒன்பது மடங்கு வித்தியாசம், சுகமாகப் படிக்கலாம். வெயில் சுவருக்கு முன்னால் அதே எழுத்து 26,000-க்கும் 25,000-க்கும் உள்ள வித்தியாசமாகச் சுருங்கிவிடும். வெறும் 4 சதவீதம். எழுத்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

சரி, விளக்கைப் பெரிதாக்கினால் போதாதா? விளக்கு, பேட்டரி, சிப் எல்லாம் காதில் மாட்டும் அந்த ஒல்லியான கைக்குள் அடங்க வேண்டும். அங்கே உண்டாகும் சூடு நேராக நெற்றிப்பொட்டில் படும். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விளக்கின் ஒளியைக் கண்முன் கொண்டுவரும் தகட்டுக்கு வேவ்கைடு என்று பெயர். இன்று பரவலாக உள்ள வேவ்கைடுகளில் உள்ளே அனுப்பும் ஒளியில் கண்ணுக்குள் வந்து சேருவது நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது, பலவற்றில் அதற்கும் குறைவு. கண்ணில் ஒரு பங்கு கூட வேண்டுமென்றால் விளக்கில் நூறு பங்கு கூட்ட வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால், அந்த ஒன்றை இரண்டாக்க முடிந்தால் அதே பொலிவுக்குப் பாதி மின்சாரம் போதும். ஒல்லியான ஏ.ஆர். கண்ணாடி வருமா வராதா என்பதே பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மீதி 99 பங்கு எங்கே போகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அரை மில்லிமீட்டர் கண்ணாடிக்குள் ஒரு பயணம்

வேவ்கைடு என்பது பார்க்க ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். தடிமன் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். ஃபிரேமின் ஓரத்தில் ஒரு குட்டி ப்ரொஜெக்டர் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து வரும் ஒளி தகட்டுக்குள் நுழைந்து, இரண்டு பரப்புகளுக்கு நடுவே மாறி மாறி மோதிக்கொண்டே கண்ணுக்கு நேரே வந்து வெளியேறும்.

ஒளியை உள்ளேயே பிடித்துவைப்பது பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான். கண்ணாடிக்குள்ளிருந்து காற்றை நோக்கிப் போகும் ஒளி போதுமான சாய்வில் மோதினால், வெளியே போகாமல் முழுவதுமாகத் திரும்பிவிடும். அந்தச் சாய்வின் எல்லைதான் மாறுநிலைக் கோணம். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள சாதாரணக் கண்ணாடியில் அது சுமார் 42 பாகை, 1.8 உள்ளதில் சுமார் 34, 2.0 உள்ளதில் 30. எண் கூடக்கூட எல்லைக் கோணம் இறங்குகிறது, அதிகமான கோணங்களில் வரும் கதிர்களைப் பிடித்துவைக்க முடிகிறது. பரந்த படத்துக்கு இது தேவை. இந்தப் பயணத்தில் ஒளி அவ்வளவாக வீணாவதில்லை. நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும்தான் சிக்கலே.

நேராக வந்து விழும் ஒளியை 34 பாகைக்கு மேல் சாய்த்தால்தான் அது உள்ளே சிக்கும். அதற்காகத் தகட்டின் மேல் கீற்றணி ஒன்றைப் பதிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிவரியான பள்ளங்கள் அவை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 380 நானோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம், கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.8. இப்போது கணக்குப் போட்டால், 460 நானோமீட்டர் நீல ஒளி சுமார் 42 பாகைக்குச் சாயும். 530 நானோமீட்டர் பச்சை 51 பாகைக்கு, 630 நானோமீட்டர் சிவப்பு 67 பாகைக்கு. மூன்றும் எல்லைக்கு மேலே இருப்பதால் மூன்றும் உள்ளே சிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகரும். அரை மில்லிமீட்டர் தகட்டில் ஒரு முறை கீழே போய் மேலே வருவதற்குள் நீலம் பக்கவாட்டில் 0.9 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். பச்சை 1.2, சிவப்போ 2.4. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல தொல்லைகளுக்கு இதுதான் வேர்.

நுழையும்போதே வெளியேறும் ஒளி

பள்ளங்களைச் சமச்சீராக, நேர் சுவர்களோடு செதுக்கினால் ஒளி இடப்பக்கமும் வலப்பக்கமும் சரிபாதியாகப் பிரியும். நமக்கு ஒரு பக்கம் போனால்தான் பயன். இன்னொரு பங்கு வளையாமல் நேராகவே ஊடுருவிப் போய்விடும். இதற்குத் தீர்வு ஓரளவு கிடைத்துவிட்டது. பள்ளங்களின் சுவர்களைச் சாய்வாகச் செதுக்குகிறார்கள், அல்லது ரம்பப் பல் போன்ற வடிவில் அமைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கும் கோணத்துக்கும் பெரும்பகுதி ஒளியை ஒரே பக்கம் தள்ளிவிடலாம். பின்னால் மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்து, ஊடுருவிப் போவதையும் திருப்பிப் பிடிக்கலாம். சாய்ந்த சுவர்களை நானோமீட்டர் அளவில் செதுக்குவது லேசான வேலை கிடையாது. அயனிக் கற்றையால் ஒரு மூல அச்சைச் செதுக்கிவிட்டு, அதை வைத்துப் பிசினில் அழுத்தி நகல் எடுக்கிறார்கள்.

அடுத்த கசிவுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த புதிர். ப்ரொஜெக்டரிலிருந்து வரும் கற்றை 3 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நுழைவுக் கீற்றணியும் அதே அகலம். கற்றையின் பின்விளிம்பில் நுழைந்த பச்சை ஒளி ஒரு சுற்று முடித்து மேலே வரும்போது 1.2 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. இன்னும் கீற்றணிக்குக் கீழேதான் இருக்கிறது! அது மறுபடி கீற்றணியில் மோதும். ஒளியை உள்ளே வளைக்கும் கீற்றணி, உள்ளே இருக்கும் ஒளியை அதே திறமையோடு வெளியே வளைக்கும். எவ்வளவு நன்றாக உள்ளே எடுக்கிறதோ, இரண்டாவது மோதலில் அவ்வளவு நன்றாக வெளியேற்றிவிடும். கீற்றணியை 100 சதவீதத் திறனுக்குக் கொண்டுபோனால், இரண்டாம் முறை மோதும் ஒளி மொத்தமும் போச்சு. நீலத்துக்கு நகர்வு இன்னும் குறைவு, மூன்று மோதல் வரை வாங்கும். சிவப்பு கிட்டத்தட்ட தப்பித்துவிடும்.

தகட்டைத் தடிமனாக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒளி தூரமாக நகரும். ஆனால் மூக்கின் மேல் எடை கூடும். கற்றையைச் சுருக்கினால் ப்ரொஜெக்டருக்குள் பிடிக்கும் ஒளி குறையும். இரண்டுமே ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் வழிகள். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று, ஒளியின் தளவிளைவைப் பயன்படுத்துவது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கீற்றணி வலுவாக வளைக்கும்படி வடிவமைத்துவிட்டு, ஒளி ஒரு சுற்று முடிப்பதற்குள் அதன் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட்டால், இரண்டாவது மோதலில் கீற்றணிக்கு அது பெரும்பாலும் தெரியாமலே கடந்துபோய்விடும். இன்னொரு வழி, கீற்றணி முழுவதும் ஒரே வடிவம் இருக்கத் தேவையில்லை என்று உணர்ந்து பகுதி பகுதியாகப் பிரிப்பது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட நுழைவுப் பகுதியில் மூன்று மண்டலங்கள் இருந்தன. முதல் முறை விழும் ஒளியை உள்ளே இழுப்பது, மோதித் திரும்பி வருவதை வெளியே விடாமல் காப்பது என்று இரண்டு வேலைக்கும் ஏற்ப அவற்றின் நுண் வடிவங்கள் வேறுபட்டன. படத்தின் எல்லாக் கோணங்களையும் சேர்த்துச் சராசரியாக சுமார் 30 சதவீத ஒளியை உள்ளே தக்கவைத்ததாக அளந்தார்கள். 30 தானா என்று தோன்றலாம். மேலே சொன்ன மோதல் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது நல்ல எண் என்று புரியும்.

வேண்டுமென்றே இழக்கும் ஒளி

உள்ளே தங்கிய ஒளி அப்படியே 3 மில்லிமீட்டர் கற்றையாகக் கண் முன் வெளியேறினால் என்ன ஆகும்? கண்பாவை சரியாக அந்த இடத்தில் இருந்தால் படம் பிரமாதமாகத் தெரியும். கண்ணாடி மூக்கில் கொஞ்சம் வழுக்கினாலோ, கண்ணை ஓரமாகத் திருப்பினாலோ படம் காணாமல் போகும். போதாததற்கு, இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட மாறும். அதனால் அந்த ஒரு கற்றையைப் பல நகல்களாக்கி, சுமார் 12-க்கு 8 மில்லிமீட்டர் பரப்பில் விரிக்கிறார்கள். கண் அந்தப் பரப்புக்குள் எங்கிருந்தாலும் படம் தெரியும். இதற்கு ஐபாக்ஸ் என்று பெயர்.

வெளிச்சத்தில் கண்பாவையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 7 சதுர மில்லிமீட்டர். ஐபாக்ஸின் பரப்பு 96. ஆக, விரித்த ஒளியில் 7 சதவீதம்தான் கண்ணுக்குள் போகும், மீதி இமையிலும் தோலிலும் விழும். எவ்வளவு அருமையான கீற்றணி செய்தாலும் இந்த 93 சதவீதம் போவது போவதுதான். இதைக் குறை என்று பார்ப்பதைவிட, யார் போட்டாலும் கண்ணாடி வேலை செய்வதற்குக் கொடுக்கும் விலை என்று பார்ப்பதே சரி. இதைக் குறைக்க வேண்டுமானால் கண் எங்கே இருக்கிறது என்று கண்காணித்து அங்கே மட்டும் ஒளியை அனுப்ப வேண்டும், அல்லது ஒவ்வொரு முகத்துக்கும் அளவெடுத்துச் சின்ன ஐபாக்ஸோடு செய்ய வேண்டும்.

விரிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளியேற்றும் கீற்றணியை ஒளி பத்து இடங்களில் தொடுகிறது, ஒவ்வொரு இடத்திலும் 10 சதவீதம் வெளியே வருகிறது என்று கொள்வோம். முதல் இடத்தில் 100-இல் 10 வெளிவரும். மிச்சம் 90. அடுத்த இடத்தில் 9, அதற்கடுத்து 8.1 என்று குறைந்து, பத்தாம் இடத்தில் 3.9 தான் வரும். தலைமடை வயல் வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கடைமடையைக் காயப்போடுகிற கதைதான். இதில் கூடுதல் கொடுமை, பத்து இடமும் கடந்த பிறகும் 35 பங்கு ஒளி உள்ளேயே மிஞ்சி, தகட்டின் ஓரத்தில் பூசிய கறுப்பு மையில் போய் முடிகிறது. படமும் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் தெரியும்.

சரியான பங்கீடு எப்படி இருக்க வேண்டும்? முதல் இடம் வந்ததில் பத்தில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாம் இடம் மிச்சத்தில் ஒன்பதில் ஒன்று, மூன்றாம் இடம் எட்டில் ஒன்று, கடைசி இடம் மிச்சம் முழுவதும். அப்போது எல்லா இடத்துக்கும் சமமாக 10 பங்கு கிடைக்கும், ஓரத்தில் எதுவும் வீணாகாது. இதற்காகக் கீற்றணியின் பள்ளங்களை நுழைவுப் பக்கம் ஆழம் குறைவாகவும், போகப்போக ஆழமாகவும் செதுக்குகிறார்கள். ஆனால் முன்பு சொன்ன மூன்று எண்களை நினைத்துப் பாருங்கள். நீலம் 0.9 மில்லிமீட்டருக்கு ஒரு முறை கீற்றணியைத் தொடுகிறது, சிவப்பு 2.4-க்கு ஒரு முறை. அதே தூரத்தில் நீலம் பத்து முறை தொட்டால் சிவப்பு நான்கு முறைகூடத் தொடாது. நீலத்துக்கு நியாயமான பங்கீடு சிவப்புக்குப் பொருந்தாது. படத்தின் ஒரு மூலை நீலம் பாய்ந்தும் மறு மூலை சிவந்தும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிறத்துக்கு ஒரு தகடு என்று இரண்டு மூன்று தகடுகளை அடுக்கினால் சரியாகும், எடையும் விலையும் ஏறும்.

இன்னொரு கசிவு எதிரே நிற்பவருக்கே தெரியும். சமச்சீரான கீற்றணி கண் பக்கம் எவ்வளவு ஒளியை விடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவை வெளிப்பக்கமும் விடும். பாதி ஒளி போவது ஒருபுறம், நீங்கள் படிப்பது எதிரில் உள்ளவருக்கு மினுமினுப்பாகத் தெரிவது மறுபுறம். இங்கேயும் சாய்ந்த பள்ளங்கள்தான் கைகொடுக்கின்றன.

பெருக்கிப் பார்த்தால்

இப்போது எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கலாம். புரிந்துகொள்வதற்கான கணக்குதான் இது. நுழைவில் 50 சதவீதம் தேறுகிறது, விரிக்கும்போது அதில் 50 தேறுகிறது, அதிலும் 50 கண் பக்கம் திரும்புகிறது, அதில் 7 கண்பாவைக்குள் போகிறது. பெருக்கினால் 0.9 சதவீதம். தொடக்கத்தில் சொன்ன நூற்றில் ஒன்று இப்படித்தான் வருகிறது. எந்த ஒரு படியும் படுமோசமில்லை, எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலைமை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த மூன்று 50-களையும் 70 ஆக்கினால் மொத்தம் 2.4 சதவீதம் ஆகிவிடும், அதாவது 2.7 மடங்கு. ஒரே ஒரு படியை 100 சதவீதத்துக்குக் கொண்டுபோனால்கூட இரண்டு மடங்குதான் கிடைக்கும். அதனால் ஏதோ ஒரு பாகத்தில் 95 சதவீதத் திறன் எட்டிவிட்டோம் என்ற செய்தியைப் படிக்கும்போது, மற்ற படிகள் என்ன ஆயின என்று கேட்பது நல்லது.

வேவ்கைடுக்கு முன்னாலேயே ஒரு பெரிய இழப்பு நடந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். ப்ரொஜெக்டருக்குள் விளக்காக இருக்கும் மைக்ரோ எல்.இ.டி. எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறவிடும். எஃப்/2 அளவுள்ள லென்ஸ் அதில் சுமார் 6 சதவீதத்தைத்தான் பிடிக்கும். அதோடு மேலே உள்ள 0.9 சதவீதத்தையும் சேர்த்தால் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. ஒளியை முன்பக்கமே குவித்து அனுப்பும் குட்டி லென்ஸ்களை ஒவ்வொரு பிக்சலின் மேலும் வைப்பது இதற்காகத்தான். பிக்சலைச் சிறிதாக்கச் சிறிதாக்க எல்.இ.டி.யின் திறன் குறைவதும், அதிலும் சிவப்பு ரொம்பவே தள்ளாடுவதும் தனித் தலைவலிகள்.

கீற்றணி இல்லாமலும் செய்யலாம்

இஸ்ரேலின் லூமஸ் நிறுவனம் வேறு பாதையில் போனது. கீற்றணிக்குப் பதிலாக, தகட்டுக்குள்ளேயே சாய்வான பகுதி பிரதிபலிப்புக் கண்ணாடிகளை வரிசையாகப் பதிப்பது. ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியைக் கண் பக்கம் திருப்பிவிட்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கோணம் நிறத்தைப் பொறுத்து மாறாது என்பதால் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் ஒன்றாகவே நடக்கும். வெளிப்பக்கம் கசிவதும் குறைவு. ஒளித்திறன் கீற்றணி வகையைவிடப் பல மடங்கு கிடைக்கும். பின்னே எல்லாரும் ஏன் இதைச் செய்யவில்லை? மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்குப் பூச்சு கொடுத்து, அடுக்கி ஒட்டி, சாய்வாக அறுத்து, மெருகேற்ற வேண்டும். உள்ளே உள்ள கண்ணாடிகள் துளி இணை பிசகினாலும் படம் இரட்டையாகத் தெரியும். அச்சு வைத்து நகல் எடுக்கும் வேலையைவிட இது பல மடங்கு கடினம்.

ஆனாலும் கடைக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மெட்டா அறிவித்த ரே-பான் டிஸ்ப்ளே இந்த வகைதான். 5,000 நிட் வரை பொலிவு, வெளியே கசிவது 2 சதவீதம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அதன் பார்வைப் புலம், அதாவது படம் கண்முன் விரியும் கோணம், 20 பாகை மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே ஒளியை அகலத்திலும் உயரத்திலும் இரு மடங்கு கோணத்துக்கு விரித்தால் பொலிவு கால் பங்காகிவிடும். அதற்கு ஓராண்டு முன்பு, 2024 செப்டம்பரில் அதே நிறுவனம் காட்டிய ஓரியன் மாதிரியின் புலம் சுமார் 70 பாகை. அதன் வேவ்கைடு தகடு கண்ணாடிக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு. ஒளிவிலகல் எண் 2.6-க்கு மேல் என்பதால் மாறுநிலைக் கோணம் 23 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அவ்வளவு பரந்த படமும் ஒரே தகட்டில் அடங்குகிறது. பிசின் இல்லாமல் அந்தப் பொருளிலேயே நேராகப் பள்ளம் செதுக்கலாம் என்பதும் நல்லதுதான். வைரத்துக்கு நெருங்கிய கடினம் உள்ள பொருள் அது, செதுக்குவதும் மெருகேற்றுவதும் செலவு பிடித்த வேலை.

சிலர் ஒளியைக் கூட்டாமல் உலகத்தை மங்கவைக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஏ.ஆர். தலைக்கருவியான முதல் ஹோலோலென்ஸின் முகப்பு கறுப்புச் சாயம் ஏற்றியது. 2022-இல் வந்த மேஜிக் லீப் 2 என்ற தலைக்கருவி தேவைக்கேற்ப வெளிச்சத்தைத் தடுத்துக்கொள்ளும். ரே-பான் டிஸ்ப்ளேயில் வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் இருக்கிறது. பயன் தருகிற வழிதான், ஆனால் வீட்டுக்குள் எதிரில் உள்ளவரின் கண்ணைப் பார்த்துப் பேச நினைத்தால் கறுப்புக் கண்ணாடி உதவாது.

இன்னும் சிக்கனமான வழி, நிறத்தையே விட்டுவிடுவது. 2024-இல் வந்த ஈவன் ரியாலிட்டீஸ் ஜி1 போன்ற கண்ணாடிகள் பச்சை எழுத்துகளை மட்டும் காட்டுகின்றன. மனிதக் கண்ணுக்கு உணர்திறன் உச்சத்தில் இருப்பது 555 நானோமீட்டரில், அதாவது பச்சையில். கீற்றணியையும் அந்த ஒரு நிறத்துக்கே கச்சிதமாகச் செதுக்கலாம், நீலம்-சிவப்புச் சண்டையே கிடையாது. மொழிபெயர்ப்பு வரிகள், வழிகாட்டும் அம்புக்குறி, வந்த செய்தி ஆகியவற்றுக்கு இது போதும்.

அடுத்த முறை ஒரு ஏ.ஆர். கண்ணாடியின் விவரக்குறிப்பில் பெரிய நிட் எண்ணைப் பார்த்தால், பக்கத்தில் பார்வைப் புலம் எத்தனை பாகை என்று தேடுங்கள். முழு நிறமா, பச்சை மட்டுமா? அந்தப் பொலிவு வேவ்கைடைத் தாண்டிக் கண்ணுக்கு வருவதா, ப்ரொஜெக்டரின் வாயில் அளந்ததா? படம் முழுவதற்குமான சராசரியா, ஓர் இடத்தின் உச்சமா? அந்தப் பொலிவில் எவ்வளவு நேரம் பேட்டரி தாங்கும்? இவற்றுக்குப் பதில் இல்லாத 5,000 நிட்டையும் பதில் உள்ள 1,000 நிட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.